அடகுச் சீட்டைத் தைத்து விற்கும் கடை

முதலில் நான் வாங்கிய துணியின் எடையைச் சொல்லிவிடுகிறேன். 12 கிராம் 350 மில்லி, அதாவது மில்லிகிராம். ஓர் அடிக்கு ஓர் அடி வெள்ளை பாப்ளின் துணி, அதன்மேல் கறுப்பும் மஞ்சளுமாக நூல். விலை 22,000 ரூபாய். வீட்டில் சும்மா கிடந்த என் பழைய தராசில் வைத்துப் பார்த்துக் கணக்குப் போட்டால் கிராம் 1,781 ரூபாய் வருகிறது. வெள்ளியைவிட எவ்வளவோ அதிகம், தங்கத்துக்குக் கீழே. "இந்தப் பணத்துக்குத் தங்கக் காசா வாங்கியிருக்கலாமில்ல" என்றாள் வீட்டுக்காரம்மா. அவள் சொன்னதில் தப்பில்லை.

நான் இருபத்தேழு வருஷம் சேலத்தில் ஒரு வங்கிக் கிளையில் நகை மதிப்பீட்டாளராக இருந்தவன். சம்பளக்காரன் இல்லை, கமிஷன்தான். உரைகல், ஆசிட் பாட்டில், லென்ஸ், தராசு. எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பது எங்கள் பழக்கம். நகையின் முகப்பு யாரை வேண்டுமானாலும் ஏமாற்றும். பற்றவைத்த இடம், திருகாணி, கொக்கி இவை பொய் சொல்லாது. துணிக்கடையைப் பற்றி எழுத எனக்கு இருக்கிற ஒரே தகுதி இந்தப் பழக்கம்தான்.

கடை ஏற்காட்டில் இருக்கிறது. பெங்களூரில் இருக்கும் மகள்தான் லொகேஷன் அனுப்பி, "அப்பா, போய்ப் பாத்துட்டு வாங்க, உங்களுக்குப் பிடிக்கும்" என்றாள். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரியைத் தாண்டி, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு பழைய ஓட்டு வீடு. பெயர்ப்பலகை கிடையாது. வாசல் கம்பியில் ஒரு வெள்ளைத் துணி தொங்குகிறது, அதில் சிவப்பு நூலில் 'திறந்திருக்கிறது' என்று தைத்திருக்கிறார்கள். சாத்தும்போது திருப்பிப் போடுவார்களாம். பின்பக்கத்தில் முடிச்சும் நூல் ஓட்டமுமாக அதே எழுத்து தலைகீழாகக் குழம்பித் தெரியும். படிக்க முடியாவிட்டால் கடை மூடியிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே நுழையும் முன்பே எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

மூன்று அறைகள். முதல் அறை எல்லோருக்கும் புரிகிற அறை. நம் பக்கத்து மாவட்டத்துச் சிட்லிங்கியில் லம்பாடிப் பெண்கள் செய்கிற கைவேலை கொஞ்சம் வைத்திருந்தார்கள், குஷன் உறை, பை, சட்டை. அந்தப் பள்ளத்தாக்கில் 1993இல் மருத்துவமனை தொடங்கிய டாக்டர் தம்பதியின் முயற்சியில், ஊரில் ஒன்றிரண்டு கிழவிகளுக்கு மட்டும் நினைவிருந்த பூவேலையை இளம்பெண்கள் திரும்பக் கற்றுக்கொண்டார்கள். போர்கை என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவர்கள் பேச்சில் பெருமை என்று பொருள். பக்கத்திலேயே நீலகிரித் தோடர்களின் சால்வை ஒன்று. வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூல், 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை. வரைந்துகொள்ளாமல் துணியின் இழையை எண்ணியே தைப்பார்கள். நம் கண்ணுக்கு உள்பக்கம் என்று தோன்றுகிற, நூல் புடைத்து நிற்கிற பக்கத்தைத்தான் அவர்கள் வெளிப்பக்கமாகப் போட்டுக்கொள்கிறார்கள். இது எனக்கு இதுவரை தெரியாது. இதைச் சொன்னபோது கடைக்காரம்மா மேல் மதிப்புக் கூடியது.

இரண்டாவது அறையில் அந்த மதிப்பு பாதி இறங்கியது. அங்கே இருப்பது 'கருத்து' அறை. துணியில் தைத்ததுதான், ஆனால் கட்ட முடியாது, போர்த்த முடியாது, சுவரில் மாட்டத்தான் முடியும். சங்கிலித் தையலில் 'மௌனம்' என்று ஒரே ஒரு சொல், 30,000. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் முழுக்க நிரப்பியது, பெயர் பனி, 65,000. மலைப்பாதையின் இருபது வளைவையும் அறுக்காத ஒரே நூலில் காட்டிய படம் ஒன்று. அது ஏரிக்கரையில் விற்கிற சாவிக்கொத்துக்கு அண்ணன், அவ்வளவுதான். வீட்டுக்காரம்மாவுக்குப் பனி பிடித்திருந்தது. பக்கத்தில் போய் நின்றால் தையலின் திசை மாறுகிற இடங்களில் வெளிச்சம் மாறுகிறது, நகர்ந்தால் நகர்கிறது என்றாள். நானும் நின்று பார்த்தேன், நகரத்தான் செய்தது. ஆனாலும் 65,000 என்ற எண்ணும் கூடவே நகர்ந்து வந்தது.

இந்த அறையில் ஒரு சங்கடமும் நடந்தது. ஒரு பெரிய துணி, மூன்றடி இருக்கும், 'கைத்தையல்' என்று சீட்டில் போட்டிருந்தார்கள். அனுமதி கேட்டுத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் இருந்த உருவம் கைவேலைதான், பின்னால் முடிச்சும் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குத் தாண்டிய நூலும் இருந்தன. சுற்றியுள்ள பின்னணியில் மட்டும் பின்பக்கம் முழுக்க வெள்ளை பாபின் நூல், ஒரே சீராக. கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் போடுகிற வேலை. சேலத்தில் ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை கொடுத்து வாங்கிய எந்தப் பெண்ணும் இதைக் கண்டுபிடித்துவிடுவாள். கேட்டதும் கடைக்காரம்மா முகம் சிவந்தது. "பின்னணி மட்டும் மெஷின் சார், சீட்டுல போட விட்டுப்போச்சு" என்றார். மெஷின் போட்டதில் குற்றமில்லை. கலைஞருக்கு அதுதான் வேண்டுமென்றால் அதுவும் சரி. ஆனால் முலாமை முலாம் என்று எழுதி விற்க வேண்டும். என் கண்முன்னாலேயே சீட்டைத் திருத்தினார். இதற்காக ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன், திருத்தியதற்காக அரை நட்சத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன்.

மூன்றாவது அறையில் பதினொரு துணிகள். அதைப் பார்த்ததும் நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஒவ்வொன்றும் ஓர் அடகுச் சீட்டு. நாங்கள் கையால் எழுதுவோமே, அதே வாசகம், அதே வரிசை, அதே சுருக்கம். நான் வாங்கியதில் இப்படி இருக்கிறது: 'கம்மல் 1 ஜோடி. கல் வைத்தது. ஒரு திருகாணி மாற்றியது. மொத்த எடை 4.600. கல் கழிவு 0.400. நிகர எடை 4.200.' கறுப்பு நூல், காம்புத் தையல். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகள் மட்டும். 'மாற்றியது' என்பதில் றகரத்தின் காலைக் கீழே இழுத்துவிட்டிருந்ததைப் பார்த்தால் ஏதோ கிளையில் யாரோ அவசரத்தில் எழுதிய நிஜச் சீட்டைப் பார்த்துத்தான் தைத்திருக்கிறார்கள். ஒரு நிமிஷம் என் எழுத்தோ என்றுகூடத் தோன்றியது. என் எழுத்து இல்லை, நான் கிராமுக்குப் பின்னால் புள்ளி வைக்க மாட்டேன், கோடு போடுவேன்.

எழுத்துக்குக் கீழே மஞ்சள் நூலில் ஒரு கட்டம். ஓட்டுத் தையல், வரிசைக்கு 70, மொத்தம் 60 வரிசை. பெருக்கினால் 4,200. ஒரு மில்லிக்கு ஒரு தையல். கட்டத்துக்கு வலப்பக்கம் கீழே வெறும் துணி. "தூக்கி வெளிச்சத்துல பாருங்க சார்" என்றார் கடைக்காரம்மா. ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். வெறும் துணி இல்லை. நூல் கோக்காத ஊசியால் குத்திய துளைகள், இருபதுக்கு இருபது. நானூறு. கல் கழிவு.

எத்தனை பேர் என் மேஜைக்கு எதிரில் நின்று, "கல்லையும் சேத்து எடை போடுங்க சார்" என்று கேட்டிருப்பார்கள். கல்லுக்குக் கடன் கிடையாது. அந்தக் கல்லுக்காகத்தான் அந்தக் கம்மலையே வாங்கியிருப்பார்கள், அம்மா வீட்டில் போட்டதாக இருக்கும், ஆனால் ஏட்டில் அது கழிவு. நான் எழுதிய ஆயிரக்கணக்கான சீட்டில் கழித்ததை இந்தத் துணியில்தான் முதல்தடவையாகப் பார்க்கிறேன், அதுவும் வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும்.

சரி, இது யாருடைய வேலை? சென்னையில் ஓவியம் படித்த ஓர் இளம் கலைஞருடையது. அவர் ஊசியைத் தொடவில்லை. தைத்தது சேலம் அம்மாபேட்டையில் கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்கிற ஒரு பெண்மணி. கலைஞர் சொன்னது இவ்வளவுதான்: மில்லிக்கு ஒரு தையல். கல்லுக்கு என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லையாம், வேறு நிற நூல் போடலாம் என்று இருந்திருக்கிறார். தைத்த அம்மாதான், "கல்லுக்குத்தான் காசு இல்லையே, நூல் எதுக்கு? ஊசிய மட்டும் குத்தி வுட்டுடவா?" என்று கேட்டிருக்கிறார். இதைக் கடைக்காரம்மா ஒரு சுவையான கதையாகச் சொன்னார். நான் உடனே, "அப்போ சான்றிதழ்ல அவங்க பேர் இருக்கணுமே" என்றேன். இல்லை. கலைஞர் பெயர், வருஷம், தொடரில் எத்தனையாவது, கையெழுத்து. தைத்தவர் பெயர் எங்கேயும் இல்லை.

இந்த மாதிரிக் கலையில் எண்ணம்தான் சரக்கு, கை கூலிக்கு என்று ஒரு வாதம் உண்டு. கடைக்காரம்மா எனக்கு உதாரணம் சொன்னார், வீட்டுக்கு வந்து நானும் படித்தேன். அலிகியேரோ போயட்டி என்ற இத்தாலியர், 1971இலிருந்து ஆப்கானிஸ்தானத்துப் பெண்களிடம் உலகப் படங்களைக் கொடுத்துத் தைத்து வாங்கினார். ஒவ்வொரு நாட்டிலும் அந்தந்த நாட்டுக் கொடி. சோவியத் படை நுழைந்ததும் அந்தப் பெண்கள் பெஷாவருக்கு அகதிகளாகப் போனார்கள், வேலை அங்கேயும் தொடர்ந்தது, 1994இல் அவர் சாகும்வரை. நாடுகளின் எல்லையை நான் வரையவில்லை, கொடியையும் நான் உண்டாக்கவில்லை, இதில் நான் செய்தது ஒன்றுமில்லை என்று அவரே சொல்லிக்கொள்வாராம். அந்தத் தொடரில் சில படங்களில் கடல் நீலமாக இல்லாமல் இளஞ்சிவப்பாக இருக்கிறது. தைத்தவர்கள் கையில் அந்த நூல் நிறைய இருந்ததாம், அவர்கள் ஊரில் கடலும் கிடையாது. அந்த நிறத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர், அதன் பிறகு நிறத்தை அவர்கள் விருப்பத்துக்கே விட்டுவிட்டார். 2022இல் நியூயார்க் ஏலத்தில் இந்தப் படங்களில் ஒன்று எண்பது லட்சம் டாலருக்கு மேல் போனது. கடலுக்கு நிறம் தேர்ந்தெடுத்த பெண்ணின் பெயர் அந்த விலைச் சீட்டில் இருந்திருக்காது என்பதற்கு எந்த மதிப்பீட்டாளரும் தேவையில்லை.

இன்னொருவர் அமெரிக்கர், சால் லெவிட். 1968இல் சுவரில் வரையத் தொடங்கியவர், பிறகு கோடு போடுவதற்கான குறிப்பை மட்டும் எழுதிக் கொடுப்பார், வேறு ஆட்கள் வரைவார்கள். வாங்குபவர் கைக்கு வருவது சான்றிதழும் வரைபடமும்தான். சுவரை வெள்ளையடித்துவிட்டு வேறு சுவரில் திரும்ப வரைந்துகொள்ளலாம். ஆனால் அருங்காட்சியகங்களில் அந்தச் சுவர்களுக்குப் பக்கத்தில் உள்ள குறிப்பில் முதலில் வரைந்தவர்கள் பெயர் இருக்கும். ஆக, இது நடக்காத காரியமில்லை. இதைக் கடைக்காரம்மாவிடம் போனில் சொன்னேன். கலைஞரிடம் பேசுவதாகச் சொன்னார். மூன்று வாரம் கழித்துப் புதிய சான்றிதழ் கூரியரில் வந்தது, 'தைத்தவர்' என்று ஒரு வரி சேர்த்து. வங்கியில் நான் மதிப்பிட்டு ஒப்புக்கொண்ட ஒவ்வொரு நகைப் பொட்டலத்திலும் என் கையெழுத்து இருந்தது. நகை போலியாகப் போனால் வங்கி என்னைத்தான் பிடிக்கும். பிடிக்க ஓர் ஆள் இருந்தால்தான் சீட்டுக்கு மரியாதை.

வாங்குகிறவர்கள் யார் என்று கேட்டேன். பதினொன்றில் ஆறு போய்விட்டது, பெரும்பாலும் பெங்களூர், சென்னை ஆட்கள். ஓவியம் சேர்ப்பவர்கள் இப்போது துணிப்பக்கம் திரும்புகிறார்களாம். கான்வாஸோடு பார்த்தால் விலை குறைவு, சுருட்டாமல் தட்டையாக வைத்தால் இடமும் பிடிக்காது, முக்கியமாகக் கைநேரம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தக் கடைசிக் காரணம் எனக்குப் புரிந்தது. நிமிஷத்துக்கு ஆறு தையல் என்றாலும் மஞ்சள் கட்டத்துக்கு மட்டும் கிட்டத்தட்டப் பன்னிரண்டு மணி நேரம். தைத்தவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்றும் கேட்டேன். துணி ஒன்றுக்கு 6,000 என்றார். கல்யாண ஜாக்கெட் கணக்கில் பார்த்தால் மோசமில்லை. 22,000 கணக்கில் பார்த்தால் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சேர்ப்பவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. தங்கம் தீயில் உருகும், எடை போகாது. துணி அப்படியில்லை. லண்டன் கலைஞர் ட்ரேசி எமின், தன் பக்கத்தில் எப்போதாவது படுத்துத் தூங்கிய எல்லோர் பெயரையும், பாட்டி பெயர் உள்பட, துணியில் வெட்டித் தைத்து ஒரு கூடாரம் செய்திருந்தார். பெயர்பெற்ற வேலை. 2004இல் ஒரு கிடங்குத் தீயில் சாம்பலாகிவிட்டது. திரும்பச் செய்ய முடியாது என்றுவிட்டார். எண்ணம் அப்படியே இருக்கிறது, பெயர்ப் பட்டியலும் இருக்கிறது, இருந்தும் முடியாது என்கிறார். எண்ணம்தான் சரக்கு என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.

இனி குறைகள். மலையில் ஈரம் அதிகம். ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் வடக்குச் சுவரில் மாட்டியிருந்த ஒரு துணியின் மூலையில் மிளகளவு பூசணப் புள்ளி பார்த்தேன். அறைகளில் குழல்விளக்கு, பின்பக்கம் பார்க்க நாமே கேட்டுத் திருப்ப வேண்டியிருக்கிறது. பணம் கட்ட போனில் சிக்னல் கிடைக்காமல் கேட்வரை இரண்டு தடவை நடந்தேன். எஸ்டேட் காப்பி கொடுத்தார்கள், பால் இல்லாமல். வீட்டுக்காரம்மா அதை மரியாதைக்காகக் குடித்தாள். கீழே இறங்கி அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட் சாப்பிட்ட பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

பெரிய குறை பராமரிப்பு அட்டை. 'மிதமான சோப்பில் கையால் துவைக்கவும்' என்று அச்சடித்திருக்கிறார்கள், குஷன் உறைக்கும் இதற்கும் ஒரே அட்டை. நனைத்தால் பாப்ளின் இழை கூடிக்கொள்ளும், துளை மூடிவிடும். நானூறு மில்லி கல் ஒரே துவையலில் காணாமல் போகும். இதைச் சொன்னதும் கடைக்காரம்மா பேனாவை எடுத்து அடித்தார். ஏற்கெனவே வாங்கிப்போன ஆறு பேருக்கும் சொல்லிவிடுங்கள் என்றேன்.

வீட்டுக்கு வந்து லென்ஸை எடுத்து உட்கார்ந்தேன். பழக்கதோஷம். அறுபது வரிசையையும் எண்ணினேன், இரண்டு சாயங்காலம் ஆனது. முப்பத்தேழாவது வரிசையில் 69தான் இருந்தது. மூன்று தடவை எண்ணினேன். ஒரு மில்லி குறைகிறது. குறை சொல்ல இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கடைக்குப் போன் செய்தேன். அவர் சிரித்துவிட்டு, கேட்டுச் சொல்கிறேன் என்றார். இரண்டு நாள் கழித்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது, அம்மாபேட்டை அம்மாவின் குரல். பின்னால் குக்கர் விசில். "சார், அந்த வரிசையில நூலு அறுந்துச்சு, உருவிட்டேன். மறுபடி குத்துனா துணி கெட்டுடும்னு வுட்டுட்டேன். அதுக்குப் பதிலா கல்லு பக்கம் ஒண்ணு கூடக் குத்தியிருக்கேன், எண்ணிப் பாருங்க. மொத்த எடை சரியா வரும்."

செல்போன் டார்ச்சைப் பின்னால் வைத்து எண்ண உட்கார்ந்தேன். முதல் தடவை 398. அடுத்த தடவை 403. அறுபத்து நாலு வயசுக் கண் இதற்கு மேல் போகாது. வீட்டுக்காரம்மா வந்து துணியை வாங்கினாள். அவள் எண்ணவே இல்லை. தினமும் வாசலில் புள்ளி வைக்கிறவள், ஒரே பார்வையில், "இருபது புள்ளி, இருபது வரிசை. ஓரத்துல ஒண்ணு தனியா நிக்குது பாருங்க" என்று விரலை வைத்தாள். கட்டத்துக்கு வெளியே, கீழ் மூலையிலிருந்து அரை அங்குலம் தள்ளி, துணி ஓரத்துக்குக் கிட்டத்தில் இருந்தது.

அதற்குள் ஃபிரேம் வேலைக்குச் சொல்லியாகிவிட்டது. முதலில் கேட்ட கடையில் பசை டப்பாவை எடுத்தார்கள், வணக்கம் போட்டு வந்துவிட்டேன். இரண்டாமவர் கேட்டுக்கொண்டபடி இரண்டு பக்கமும் கண்ணாடி, துணியில் படாமல் நடுவே இடைவெளி, ஓரத்தை மட்டும் அட்டையில் நூலால் தைத்துப் பிடிப்பது என்று 3,400க்கு ஒப்புக்கொண்டிருந்தார். ஓரத்தை அரை அங்குலம் உள்ளே மடிப்பதாகத்தான் பேச்சு. மணி ஒன்பதரை ஆகியிருந்தது, இருந்தாலும் அப்போதே அவருக்குப் போன் போட்டு, வலப்பக்கம் கீழே மட்டும் மடிக்க வேண்டாம் என்று சொன்னேன்.